மரத்துப் பாலும் மாட்டுப் பாலும்

என் கணவர் எனக்கு எழுதிய கடிதங்களில் மிக நீளமானது, ரப்பர் பால் எப்படி உறைகிறது என்பதைப் பற்றியது. தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் தாளைத் திருப்பிப் பிடித்துப் பக்கவாட்டிலும் எழுதியிருந்தார். கல்யாணமாகி ஏழு மாதம் என்னோடு இருந்துவிட்டுக் கப்பலேறிப் போன மனிதர். போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று. மற்றதெல்லாம் பால்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஆனால் தப்பு என்னுடையதுதான். ‘அங்கே என்னதான் வேலை செய்கிறீர்கள், ஒரு தடவையாவது விவரமாக எழுதக்கூடாதா’ என்று முந்தின கடிதத்தில் நான் கேட்டிருந்தேன். கேட்டதற்கு அவர் பதில் எழுதியிருந்தார்.

அவருக்குச் சொந்த ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே கெடார். நிலம் கிடையாது. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியும் கேப்பை அறுத்தும் அவரை மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படிக்க வைத்தார். நானும் அதே மாதிரி குடும்பத்திலிருந்து போர்டிங்கில் படித்து வளர்ந்தவள். தையல் பழகித் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். அவருடைய தாய்மாமன் ஒருவர் மலாய் நாட்டில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். இனிமேல் இங்கிருந்து ஆள் அனுப்பமாட்டார்கள், கப்பலை நிறுத்தப்போகிறார்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டது. அந்த அவசரத்தில்தான் கிளம்பினார்.

“மூணு வருசம்தான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவேன். வந்து கெடார்லயே அரைக் காணி நெலம் வாங்கிக்கினு உக்காந்துரலாம்” என்றார். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நகர ஆரம்பித்த பிறகும் அவர் அரைக் காணியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடிதத்தில் அவர் எழுதியிருந்தது இதுதான். விடிவதற்கு முன்னால் மரத்தின் பட்டையைச் சீவிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் சிரட்டையில் பால் வடிந்து சேரும். அதை வாளியில் கொண்டுவந்து கொட்டகையில் ஊற்றுவார்கள். கொட்டகையில்தான் அவருக்கு வேலை. பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து நீளமான தொட்டியில் விட்டு, புளிக்கிற திராவகம் சேர்க்க வேண்டும். ‘திராவகத்தை அப்படியே ஊற்றினால் கெட்டது. ஊற்றிய இடத்தில் மட்டும் கல் மாதிரி கட்டிக்கொண்டு மற்ற இடம் தண்ணியாக நிற்கும். முதலில் திராவகத்தில் நிறையத் தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ள வேண்டும். தொட்டி முழுவதும் பரவும்படி ஊற்றி, ஒரே தடவை நிதானமாகக் கலக்கிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மேலே வரும் நுரையைப் பலகையால் வழித்துவிட வேண்டும். அப்புறம் தொடவே கூடாது. அடுத்த நாள் பார்த்தால் நம் ஊர் எருமைத் தயிர் மாதிரி ஒரே பாளமாக நிற்கும். அதை உருளையில் கொடுத்து இழுத்தால் துணி மாதிரி வரும். துணியைப் புகையில் தொங்கவிடுவோம். சட்டையிலும் கையிலும் புளித்த நாற்றம் போகவே போகாது. நீ பக்கத்தில் இருந்தால் என்னைத் திண்ணையிலேயே படுக்கச் சொல்வாய்.’

அந்தக் கடைசி வரியை அப்போது நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதுவும் என்னைப் பற்றிய வரிதான். அதைச் சேர்த்தால் இரண்டு.

மூன்று வருஷம் முடிகிற சமயத்தில் ஜப்பான்காரன் மலாய்க்குள் இறங்கினான். அவரிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில், கப்பலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அறுவடைக்கு வந்துவிடுவேன் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் எழுதிய கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவா என்றும் தெரியாது. சிலது முத்திரை குத்தித் திரும்பி வந்தன.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி விழுப்புரம் போய் அங்கிருந்து கெடாருக்குப் போவேன். மாமியார் என்னைப் பார்த்ததும் கடிதம் வந்ததா என்று கேட்க மாட்டார். என் கையைப் பார்ப்பார். கையில் பை மட்டும் இருந்தால், “சாப்புட்றியாம்மா, கூழு இருக்குது” என்பார். அவ்வளவுதான்.

மலாய் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் வருவது நின்றுபோயிற்று. என் வீட்டுக் கவலை ஊர்க் கவலையாகவும் ஆகிவிட்டது போல இருந்தது. சைக்கிள் டியூப் கிடைக்கவில்லை. டயருக்குள் கயிற்றைத் திணித்து ஓட்டினார்கள். பெட்ரோல் இல்லாமல் திண்டிவனம் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஆள் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் வந்தது. இவற்றோடு சேர்த்து, யாரும் பெரிதாகக் கவலைப்படாத ஒரு பொருளும் கடைகளிலிருந்து காணாமல் போனது. பொத்தான்.

அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பொத்தான் எல்லாம் ஜப்பானிலிருந்து வந்தது என்பது, அது வராமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போர்டிங் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுப்பது என் வேலை. துணி கோட்டாவில் கிடைத்தது, பொத்தான் கிடைக்கவில்லை. துணியிலேயே முடிச்சுப் போட்டுத் தைத்துப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் அதைப் பல்லால் கடித்துக் கடித்துப் பிய்த்துவிட்டன. கொட்டாங்கச்சியை உடைத்துத் தேய்த்துத் துளை போட்டேன். துளையின் விளிம்பு கத்தி மாதிரி நூலை அறுத்தது.

ஒருநாள் காய்ச்சலோடு ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம் இருக்கும். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விடமாட்டார். மருந்துப் பெட்டிகளில் புட்டி உடையாமல் இருக்கக் கசக்கித் திணித்திருக்கும் இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களைக்கூட நீவி எடுத்து வைத்துப் படிப்பார். பிள்ளையின் சட்டையை நான் குண்டூசியால் குத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, “இன்னா டீச்சர், பொத்தான் இல்லியா?” என்றார்.

“எங்க இருக்குது அண்ணே? ஒரே பேஜாரா இருக்குது. கொட்டாங்கச்சியில கூட செஞ்சி பாத்துட்டேன்.”

“பாலுல செய்யலாம்” என்றார் அவர்.

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. மேசை மேல் கிடந்த சீப்பை எடுத்துக் காட்டினார். “இது இன்னான்னு நெனைக்கிறீங்க? பஞ்சும் கற்பூரமும். நெருப்புகிட்ட கொண்டு போனா குபுக்குனு புடிச்சிக்கும். ஸ்டேசன்ல டெலிபோன் இருக்குதே, அந்தக் கறுப்பு, அது நெலக்கரித் தார்ல எடுக்கற கார்பாலிக். நாம தரை கழுவறதுக்கு ஊத்தறோமே அதேதான். கிராமபோன் தட்டு மரத்துல பூச்சி வெக்கிற அரக்கு. வெள்ளக்காரன் ஊருல மாட்டுப் பால ஒறைய வெச்சி, பார்மலின்ல ஊறப்போட்டு, பேனா, பொத்தான் எல்லாம் செய்யறான். இங்க பார்மலின் இருக்குது. பால் வேணும், அவ்ளோதான்.”

பிளாஸ்டிக் என்ற வார்த்தையை நான் அப்போது கேட்டதே இல்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, என் மனசு சீப்பிலும் டெலிபோனிலும் நிற்காமல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பாலை உறைய வைத்து ஒரு பண்டம் செய்வது. அதைச் செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் பங்களாவில் இரண்டு மாடு உண்டு. சமையல்காரர் கைமெஷினில் பாலைச் சுற்றி வெண்ணெய்க்கு ஆடையைப் பிரித்துவிடுவார். மிஞ்சும் தண்ணிப்பால் வாளியில் நிற்கும். அதைத் தரச் சொல்லிக் கம்பவுண்டர் கேட்டு வாங்கினார். மத்தியான ஓய்வு நேரத்தில் மருந்து அறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஆரம்பித்தோம். கூடவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பார், ஊர் வாய்க்கு அது வேண்டியிருந்தது.

முதல் தடவை கம்பவுண்டர் சூடான பாலில் மருந்து அறையிலிருந்த திராவகத்தை நேராக ஊற்றினார். ஊற்றிய இடத்தில் மணல் மணலாகப் பொடிந்தது. சுற்றிலும் பால் அப்படியே பாலாக நின்றது. பொடியைத் திரட்டிப் பிசைந்து வில்லை தட்டினோம். காய்ந்ததும் வறட்டி மாதிரி வெடித்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை செய்த வில்லைகளை வெயிலில் வைத்திருந்தபோது காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று. “காக்காவுக்குப் புடிச்சிருக்குது. நமக்குத்தான் வரல” என்றார் கம்பவுண்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து என் கணவருடைய கடிதத்தை எடுத்தேன். எத்தனையோ தடவை படித்த கடிதம். மறுபடி படித்தபோதுதான், அது எனக்குத் தேவைப்படும் என்று தெரிந்தே எழுதியது போல ஒவ்வொரு வரியும் பேசியது. இளக்கிக்கொள்ள வேண்டும். பரவும்படி ஊற்ற வேண்டும். ஒரே தடவை கலக்கிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை கம்பவுண்டரிடம், “இன்னிக்கி நான் ஊத்தறேன் அண்ணே” என்றேன்.

“உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“எங்க ஊட்டுக்காரரு.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். பாலைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்தேன். திராவகத்தில் தண்ணீர் விட்டு இளக்கினேன். சுற்றிலும் பரவ ஊற்றி, அகப்பையால் ஒரே ஒரு சுற்று. நுரையை வழித்தேன். கையை எடுத்துக்கொண்டேன். கலக்கிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. தொடவே கூடாது என்று எழுதியிருந்தாரே என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பால் தன்னாலே மௌனமாகப் பிரிந்தது. வெள்ளையாக ஒரே பாளம், சுற்றிலும் பச்சை ஓடிய தெளிந்த நீர்.

அதைத் துணியில் கட்டிப் பிழிந்து, நாலைந்து தண்ணீரில் அலசி, அடை மாவு மாதிரி பிசைந்தேன். பலகை மேல் தட்டி மருந்துப் புட்டி மூடியால் வட்டம் வட்டமாக வெட்டினேன். ஈரத்திலேயே கோணி ஊசியால் துளை போட்டேன். கம்பவுண்டர் அவற்றைப் பார்மலினில் போட்டு மூடினார். ஒரு வாரம் கழித்து எடுத்து நிழலில் மெதுவாக ஆறவிட்டோம். சாம்பலும் துணியும் வைத்துத் தேய்த்தபோது, தந்தம் போல ஒரு நிறமும் மினுமினுப்பும் வந்தன. தரையில் போட்டால் கண்ணாடிக் கோலி மாதிரி ஓசை.

கம்பவுண்டர் குழந்தை மாதிரி குதித்தார். நர்ஸ் கை தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த நாளல்ல, பால் பிசைந்த திங்கட்கிழமை சாயங்காலம். பள்ளிக்கூடத்துக்கு நடந்து திரும்பும்போது முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினேன். கையில் புளித்த வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத வாடை. வேப்பமரத்தடியில் அப்படியே நின்றுவிட்டேன். இதுதான் அவர் கை. கடலுக்கு அந்தப் பக்கம் அவர் கை இப்படித்தான் நாறியிருக்கும். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். கை வாடைக்காகவே அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பால் பிசையப் போனேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது பொத்தானுக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இப்படி இரண்டு மூன்று வாரம் ஓடியிருக்கும். ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் அலுமினியக் குண்டான். ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போகிறவள். பங்களாவில் மிஞ்சும் தண்ணிப்பாலை நாலைந்து பேர் வந்து வாங்கிப் போவது வழக்கம். அதில் அவளும் ஒருத்தி. சில நாளாக வெறுங்கையோடு திரும்பியவளிடம், பால் இப்போது கம்பவுண்டருக்குப் போகிறது என்று சமையல்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“டீச்சரம்மா, இதானா அந்தப் பாலு?” என்று பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஆமா.”

“இத்த வெச்சி இன்னா பண்றீங்க?”

நான் தட்டிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். “சட்டைக்குப் பொத்தான்.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழந்தை கையை நீட்டியது. கொடுக்காமல் விலக்கிப் பிடித்துக்கொண்டாள். “நல்லாத்தாம்மா இருக்குது. எங்க ஊட்டுக்காரரு சட்டையே போட்டதில்ல” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. இருப்பதை இருப்பதாகச் சொன்னாள். பொத்தானை ஜாக்கிரதையாகத் தட்டில் வைத்துவிட்டு, “நாளைக்கி நான் வர்றதா, வாணாமா? சொல்லிட்டீங்கன்னா வீணா நடக்க மாட்டேன்” என்றாள்.

போர்டிங்கில் சேர்ந்த வயதில் நானும் இதே தண்ணிப்பாலுக்கு டம்ளரை ஏந்தி வரிசையில் நின்றவள். அந்தப் பால் இல்லாவிட்டால் என் எலும்பு இவ்வளவு வளர்ந்திருக்காது. அவள் குழந்தையின் முழங்காலைப் பார்த்தேன். மணிக்கட்டு அளவுதான் இருந்தது.

“நாளைக்கி வா. தெனமும் வா” என்றேன். அன்றைய பால் ஏற்கனவே உறைந்துவிட்டிருந்தது. அதை அவளுக்குக் கொடுக்க முடியவில்லை. அவள் காலிக் குண்டானோடு போனாள்.

கம்பவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “இது வேணாம் அண்ணே” என்றேன். இவ்வளவு பாடுபட்டு இப்போதுதான் கூடி வந்தது. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவே இல்லை. எனக்கும் வருத்தம்தான். அவருக்குப் பொத்தான் போயிற்று. எனக்கு என்ன போயிற்று என்று யாரிடமும் சொல்ல முடியாது. கையை மோந்து பார்த்தேன். இரண்டு நாளில் வாடை போய்விட்டது.

மூன்றாம் நாள் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு. “மாட்டுப் பாலு வேணாம். மாடு துன்றத எடுத்துக்கலாமா?” என்றார். சாக்கில் மல்லாட்டைப் புண்ணாக்கு. வேர்க்கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவது. திண்டிவனத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பாலில் இருக்கும் அதே சத்து மல்லாட்டையிலும் இருக்கிறது, அதுவும் உறையும் என்று ஏதோ ஒரு கசங்கின தாளில் படித்திருக்கிறார். புண்ணாக்கை இடித்துச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினோம். இளக்கின திராவகம் விட்டேன். ஒரு கலக்கு. கையை எடுத்தேன். பால் போலப் பாளமாக நிற்கவில்லை, சேறு மாதிரி அடியில் இறங்கியது. ஆனால் இறங்கியது. பார்மலினில் ஊறி வந்த பொத்தான்கள் வெல்லத்தின் நிறத்தில் இருந்தன. பத்துக்கு நாலு உடைந்தது. மீதியைச் சட்டையில் தைத்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெரிய பிள்ளைகளுக்குத் தந்தப் பொத்தான், சின்னப் பிள்ளைகளுக்கு வெல்லப் பொத்தான். சின்னப் பிள்ளைகள் அதையும் நக்கிப் பார்த்தன. கோயிலில் வரிசையாக நின்று பாடியபோது கம்பவுண்டர் பாட்டைக் கேட்கவில்லை. பிள்ளைகளின் மார்பையே பார்த்து எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஜனவரியில் சட்டைகள் வெளுக்கப் போயின. வெள்ளாவி ஆவியில் வெந்து பாதிப் பொத்தான்கள் ஊறிக் கோணலாகத் திரும்பி வந்தன. வண்ணார், “இன்னாம்மா இது, அப்பளத்த வெச்சித் தெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அதற்கப்புறம் அந்தச் சட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் நாங்களே அலசினோம்.

யுத்தம் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள். நான் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். கப்பல்கள் மதராஸுக்கு ஆட்களைக் கொண்டுவருகின்றன என்று கேள்விப்பட்டால் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போவேன். தெற்கே போகிற வண்டியிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மெலிந்து கறுத்தவர்கள் நிறையப் பேர் இறங்கினார்கள். ஒவ்வொரு மெலிந்த மனிதரையும் அவராக இருக்குமோ என்று பார்த்தேன். ஏழு மாதம் பார்த்த முகம். மறந்துவிட்டேனோ, எதிரே வந்தும் தெரியாமல் விட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கும்.

மறு வருஷம் கெடாரிலிருந்து மாமியார் ஆள் அனுப்பினார். அனந்தபுரத்துக்காரர் ஒருவர் மலாயிலிருந்து திரும்பியிருக்கிறார், என் கணவரோடு ஒரே தோட்டத்தில் இருந்தவராம். போனேன். அந்த மனிதருக்கு முன்பற்கள் இல்லை. காலில் ஆறாத புண். மாமியார் கொடுத்த கூழைக் குடித்துவிட்டுப் பேசினார்.

“ஜப்பான்காரன் வந்ததும் ரப்பரு வாங்க ஆள் இல்ல. அப்பறம் அவனுக்கு லாரி ஓட்ட எண்ணெ இல்ல. ரப்பரையே பெரிய பீப்பாயில போட்டுக் காய்ச்சி எண்ணெ எறக்கச் சொன்னான். அண்ணந்தான் அந்த அடுப்ப பாத்துக்கினு இருந்தாரு. நல்லா செஞ்சாரு. ஒரு நாளு லாரிங்க வந்துது. சயாமுல ரயில் ரோடு போட ஆள் வேணும்னு புடிச்சி ஏத்துனாங்க. அண்ணன ஒரு லாரியில, என்ன வேற லாரியில.”

“அப்பறம்?” என்றார் மாமியார்.

“அப்பறம் பாக்கலம்மா. அங்க போனவங்க அம்பது பேரு ஒரு கொட்டாயில படுப்போம். காலையில எழுந்தா முப்பது பேரு.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அண்ணன் போன கொட்டாயி எதுன்னு எனக்குத் தெரியல. பொய் சொல்லக் கூடாது. செத்துட்டாருன்னும் தெரியல.”

நான் கேட்க நினைத்தது வேறு. என் கணவர் சட்டை போட்டிருந்தாரா, எடுத்துக்கொண்டு போக ஏதாவது பை இருந்ததா, லாரியில் ஏறும்போது ஏதாவது சொன்னாரா என்று. மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதர் கிளம்பும்போது மட்டும், “வேலய நல்லா செஞ்சாருன்னு சொன்னீங்களே” என்றேன். “ஆமாம்மா. யாரையும் கையி வைக்க விடமாட்டாரு. தொடாதீங்கடா, தொடாதீங்கடான்னு கத்திக்கினே இருப்பாரு” என்றார்.

அதற்கப்புறம் மாமியாரைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரு அறை. தபால்காரர் வரும் நேரத்தில் இரண்டு பேருமே ஏதாவது வேலை இருப்பது போல வாசலுக்கு வருவோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

கடையில் மறுபடி பொத்தான் வந்தது. அட்டையில் வரிசையாகத் தைத்த பளபளப்பான பொத்தான்கள், எந்த வெள்ளாவியிலும் அசையாதவை. ஒரு அட்டையைக் கம்பவுண்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குத் தெரிந்திருந்தது. “சீமையில இப்ப பெட்ரோல் எடுக்கறாங்களே, அந்த எண்ணெயிலேர்ந்தே இந்த மாதிரியெல்லாம் செய்ய ஆரம்பிச்சிட்டானாம் டீச்சர். பாலும் வாணாம், பஞ்சும் வாணாம், மல்லாட்டையும் வாணாம். பூமியில ஓட்ட போட்டா போதும்” என்றார். நகத்தால் ஒன்றைச் சுரண்டி மூக்கில் வைத்து மோந்தார். “வாடையே இல்ல பாத்தீங்களா” என்று என்னிடம் நீட்டினார். எனக்கு மோந்து பார்க்க மனசு வரவில்லை. பிறகு அவர் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

மாமியார் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எம்மா, ஐயருகிட்ட சொல்லி அவனுக்கு ஒரு செபம் வெச்சிரலாமா?” என்று கேட்டார். எங்களுக்கு ஐயர் என்றால் போதகர், செத்தவர்களுக்கு அவர் வைக்கிற ஜெபம் அது. “ஒரு வருசம் பாக்கலாம் அத்தே” என்றேன். அடுத்த வருஷமும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். மூன்றாம் வருஷம் அவர் கேட்கவில்லை. மழைக்காலத்தில் மார்ச்சளி வந்து படுத்தார், எழுந்திருக்கவில்லை.

அவர் ஆசைப்படி கெடாருக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தோம். குழிக்கு அருகில் வாசிப்பதற்காகப் போதகர் ஒரு தாளில் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற கோயில் எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

“மகன் ஒருத்தர் இல்லையாம்மா? அவரை எப்படி வாசிக்கிறது?” என்று தணிந்த குரலில் கேட்டார். “முன்னாடி போனவங்களோட சேர்க்கிறதா, இருக்கிறவங்களோட சேர்க்கிறதா?”

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் கழுத்தில் தாலி இருந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டேனா இல்லையா என்று நினைவில்லை.

“இருக்கறவங்களோட வாசிங்க ஐயரே” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மழை தூறத் தொடங்கியிருந்ததால் அவசரமாக வாசித்தார். மகன் ஒருவர், மலாய் நாட்டில். மருமகள் ஒருவர், திண்டிவனத்தில். இரண்டு ஊரையும் நடுவில் மூச்சு விடாமல் சேர்த்தே வாசித்தார்.